கலகம் நாடாவது எப்போது?

நீங்கள் கேட்டதை என் சொற்களில் ஒருமுறை திருப்பிச் சொல்லிக்கொள்கிறேன். 1776இல் அமெரிக்கக் குடியேற்றங்கள் ஆங்கில அரசை எதிர்த்தன, ஒரு புதிய நாடு பிறந்தது. 1809இல் திருவிதாங்கூரின் தளவாயாக, அதாவது தலைமை அமைச்சராக, இருந்த நம் தலக்குளத்து வேலுத்தம்பி ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியை எதிர்த்தார், அவருடைய உயிரற்ற உடலைத் திருவனந்தபுரத்துக் கண்ணம்மூலையில் தூக்குமரத்தில் தொங்கவிட்டார்கள். வீரத்தில் நம்மவர்கள் குறைந்தவர்கள் இல்லையென்றால் எதில்தான் குறை என்று கேட்டிருக்கிறீர்கள். அவரை விடுதலை வீரர் என்று அழைப்பது சரியா என்றும் கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். ஏன் தோற்றார் என்பது மட்டுமே கேள்வியானால் பீரங்கிகளையும் படைப்பிரிவுகளையும் கணக்கிட்டுப் பதிலை முடித்துவிடலாம். உங்கள் கேள்விக்குள் அதைவிடக் கனமான ஒன்று இருப்பதாக எனக்குப் படுகிறது: ஒரு அரசைத் தூக்கியெறிவதற்கும் அந்த இடத்தில் இன்னொரு நாட்டை நிறுத்துவதற்கும் இடையில் என்ன நடக்க வேண்டும்? இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்துக் கல்லூரிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வரலாறு நடத்தியவன் என்ற முறையில் எழுதுகிறேன். என் பயிற்சி திருவிதாங்கூர் வரலாற்றில். அமெரிக்க வரலாறு நான் பாடமாக நடத்தியதே தவிர ஆவணக்காப்பகத்தில் உட்கார்ந்து ஆராய்ந்தது அன்று. அந்த வேறுபாட்டை மனத்தில் வைத்து நான் சொல்வதை எடைபோடுங்கள்.

ஐயத்துக்கு இடமில்லாதவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பிரான்சுடன் நடந்த ஏழாண்டுப் போர் 1763இல் முடிந்தபோது இங்கிலாந்து வென்றிருந்தது, ஆனால் பெரும் கடனில் மூழ்கியிருந்தது. அந்தக் கடனில் ஒரு பகுதியைக் குடியேற்றங்கள் சுமக்கட்டும் என்று 1765இல் முத்திரைத்தாள் வரி போட்டார்கள். எதிர்ப்பு எழுந்ததும் அடுத்த ஆண்டே திரும்பப் பெற்றார்கள். ஆனால் வரி போடும் உரிமை தங்களுக்கு உண்டு என்று அதே கையோடு ஒரு சட்டமும் இயற்றி வைத்தார்கள். 1773 டிசம்பர் 16 அன்று பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள். அந்தத் தேயிலை, நமக்கு நன்கு அறிமுகமான அதே கிழக்கிந்தியக் கும்பினியின் சரக்கு. தண்டனையாக 1774இல் பாஸ்டன் துறைமுகம் மூடப்பட்டது, மாசசூசெட்ஸ் மக்களின் தன்னாட்சி உரிமைகள் பறிக்கப்பட்டன. 1775 ஏப்ரல் 19 அன்று லெக்சிங்டனில் துப்பாக்கி வெடித்தது. நம் பாடப்புத்தகங்கள் தேயிலையிலிருந்து துப்பாக்கிக்கு ஒரே தாவாகத் தாவிவிடும். இடையில் இருக்கும் பதினாறு மாதங்களில்தான் உங்கள் கேள்விக்கான விடையின் பெரும்பகுதி கிடக்கிறது என்பது என் கருத்து.

அந்த மாதங்களிலிருந்து ஒரே ஒரு காட்சியை மட்டும் அருகில் வைத்துப் பார்ப்போம். மாசசூசெட்ஸில் ஒவ்வோர் ஊரிலும் வரி தண்டுபவர்கள் இருந்தார்கள். வீடு வீடாகத் தண்டிய பணத்தை அவர்கள் மாகாணக் கருவூல அதிகாரியான ஹாரிசன் கிரேயிடம் கட்ட வேண்டும். 1774 அக்டோபரில், ஆளுநரின் அனுமதி இல்லாமல் தானாகக் கூடிய மாகாணப் பேரவை, இனி அந்தப் பணத்தை அவரிடம் கட்டக் கூடாது, ஹென்றி கார்ட்னர் என்பவரிடம் கட்ட வேண்டும் என்று தீர்மானித்தது. எல்லா ஊர்களும் உடனே பணத்தைக் கொண்டுவந்து கொட்டிவிடவில்லை. தயங்கிய ஊர்களும் இருந்தன. ஆனாலும் அந்தத் தீர்மானத்தின் பொருளைக் கவனியுங்கள். முதல் குண்டு வெடிப்பதற்கு ஆறு மாதம் முன்பே, வரிப்பணம் போகும் வாய்க்கால் திருப்பி வெட்டப்பட்டுவிட்டது. அதே மாதத்தில் பிலடெல்பியாவில் கூடியிருந்த பன்னிரண்டு குடியேற்றங்களின் பேரவை, ஆங்கிலச் சரக்குகளை வாங்குவதில்லை என்று உடன்படிக்கை செய்து, அதை யார் மீறுகிறார்கள் என்று பார்க்க ஊருக்கு ஒரு குழுவைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. வர்ஜீனியாவில் தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டசபை 1619ஆம் ஆண்டிலிருந்தே இருந்தது; புதிய இங்கிலாந்துப் பகுதியில் ஊர்க்கூட்டங்கள் தலைமுறைகளாக நடந்துவந்தன. வாக்கெடுப்பதும், கணக்கு வைப்பதும், குழுவின் முடிவுக்குப் பிடிக்காதவனும் கட்டுப்படுவதும் அவர்களுக்கு அன்றாடப் பழக்கமாகியிருந்தன. 1776 ஜூலை 4 அன்று வெளியான அறிக்கை ஏற்கெனவே நடமாடிக்கொண்டிருந்த ஒரு பிள்ளைக்குப் பெயர் வைத்தது என்று மாணவர்களிடம் சொல்வேன்.

இனி நம் பக்கம் வருவோம். திருவிதாங்கூர் சட்டப்படி ஒரு குடியேற்றம் அன்று. கும்பினியின் பாதுகாப்பில் இருந்த அரசு. அந்தப் பாதுகாப்பு வந்த வழியில் ஒரு விந்தையான கண்ணி இருக்கிறது. 1781இல் யார்க்டவுனில் அமெரிக்கர்களிடம் சரணடைந்த காரன்வாலிஸ், 1786இல் கவர்னர் ஜெனரலாக இந்தியாவுக்கு வந்தார். 1789 டிசம்பரில் திப்பு சுல்தான் திருவிதாங்கூரின் வடக்கு எல்லை அரணான நெடுங்கோட்டையைத் தாக்கியபோது, நட்பு அரசைக் காக்கிறோம் என்று சொல்லி மைசூர் மீது போர் தொடுத்தவர் அவரே. அந்தப் போரின் செலவுக் கணக்கும், அதைத் தொடர்ந்து 1795இலும் 1805இலும் செய்த உடன்படிக்கைகளும் ஆண்டுக்கு ஏறக்குறைய 8 லட்சம் ரூபாய் கப்பச் சுமையாகத் திருவிதாங்கூரின் கழுத்தில் ஏறின. இதில் மறைக்கக்கூடாத ஒன்றும் உண்டு. 1804இல் நாயர் படையினரின் படித்தொகையைக் குறைக்கப் போய்க் கலகம் வெடித்தபோது, அதை அடக்கக் கும்பினியின் துணையை நாடியவர் வேலுத்தம்பியே. 1805 உடன்படிக்கை அந்த உதவியின் பின்னாலேயே வந்தது. கப்பப் பாக்கி ஏற ஏற, கும்பினியின் பிரதிநிதியான ரெசிடெண்ட் மெக்காலேயின் நெருக்கடி தாங்க முடியாமல் போய், கொச்சியின் தலைமை அமைச்சரான பாலியத்தச்சனோடு சேர்ந்து 1808 டிசம்பரில் ரெசிடெண்டின் இல்லத்தைத் தாக்க ஏற்பாடு செய்தார். 1809 ஜனவரி 11 அன்று குண்டறையில் அறிக்கை வெளியிட்டார். பிப்ரவரி 10 அன்று ஆரல்வாய்மொழி அரண் உடைந்தது. சரியாக முப்பது நாள்.

ஆரல்வாய்மொழிக் கணவாயில் மாணவர்களை நிறுத்திப் பலமுறை இதைச் சொல்லியிருக்கிறேன். இன்று அங்கே காற்றாலைகள் சுற்றுகின்றன. ஆடிக்காற்றில் பேசுவது பக்கத்தில் நிற்பவருக்குக்கூடக் கேட்காது. இரு பக்கமும் மலை நெருக்கும் அந்த வாயிலைப் பார்த்தால், அதைக் காத்துவிட்டால் நாஞ்சில் நாட்டையே காத்துவிடலாம் என்று யாருக்கும் தோன்றும். அந்த எண்ணமே ஆபத்தானது என்பதைத்தான் அடுத்து நடந்தவை காட்டுகின்றன. வாயில் உடைந்தபின் உதயகிரியும் பத்மநாபபுரமும் பெரிய சண்டை இல்லாமல் வீழ்ந்தன. அரியணையில் பலராமவர்மா அப்படியே இருந்தார். தளவாயின் நாற்காலியில் மட்டும் உம்மிணித் தம்பி உட்கார்ந்தார். வேலுத்தம்பியைத் தேடிப்பிடிக்கும் உத்தரவு அவர் காக்க நினைத்த அரண்மனையிலிருந்தே வந்தது. கலகத்தின் அதிகாரம் முழுவதும் ஒரு பதவியிலிருந்து வந்தது, அந்தப் பதவி ஒரு மன்னரிடமிருந்து வந்தது. மன்னர் கையெழுத்தை மாற்றியதும் கலகத்துக்கு நிற்க இடம் இல்லாமல் போயிற்று. அமெரிக்காவிலோ ஆங்கிலப் படை நியூயார்க்கைப் பிடித்தது, 1777இல் தலைநகர்போல் இருந்த பிலடெல்பியாவையும் பிடித்தது. பேரவை மூட்டை கட்டிக்கொண்டு வேறு ஊரில் போய்க் கூடியது. ஊர்க்குழுக்கள் இருந்த வரை தலைநகர் போனது பெரிய இழப்பாகவில்லை.

இப்படிச் சொன்னால், நம் மண்ணில் கூடிப் பேசி முடிவெடுக்கும் பழக்கமே இருந்ததில்லை என்று நினைத்துவிடாதீர்கள். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாஞ்சில் நாட்டார் பல முறை கூடியதற்கும், வெளியிலிருந்து வந்த படைகளின் கொள்ளையிலிருந்து அரசு தங்களைக் காக்காத வரை வரி கொடுப்பதில்லை என்று கட்டுப்பாடு செய்துகொண்டதற்கும் ஓலைச் சான்றுகள் உண்டு. காவல் இல்லையென்றால் வரி இல்லை என்ற இந்தக் குரல், பிரதிநிதி இல்லையென்றால் வரி இல்லை என்ற அமெரிக்கக் குரலுக்கு அரை நூற்றாண்டு மூத்தது. படிக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும். பின்னர் 1729இல் பட்டத்துக்கு வந்த மார்த்தாண்டவர்மா எட்டுவீட்டுப் பிள்ளைமாரையும் அவர்களைப் போன்ற உள்ளூர் அதிகாரங்களையும் ஒடுக்கி எல்லாவற்றையும் ஒரு மையத்தில் கட்டினார். 1741இல் குளச்சலில் டச்சுக்காரர்களை வென்றதும், அவர்களுடைய தளபதி டிலனாயையே தன் படைக்குப் பயிற்சியாளராக்கியதும் அந்த மையத்தின் வலிமை. உதயகிரிக் கோட்டைக்குள் கூரையற்ற தேவாலயத்தில் டிலனாயின் கல்லறை இருக்கிறது. இலத்தீனும் தமிழும் ஒரே கல்லில் வெட்டப்பட்டிருக்கும், போனால் பாருங்கள். அதே மையப்படுத்தல்தான் நாட்டார் கூட்டங்களின் குரலையும் வற்றச் செய்தது, அதனால் 1809இல் தளவாய்க்குக் கீழே தாங்கிப் பிடிக்க ஓர் அமைப்பும் எஞ்சியிருக்கவில்லை என்று நான் கருதுகிறேன். மார்த்தாண்டவர்மாவின் மையப்படுத்தல் நிறுவப்பட்ட உண்மை. அதிலிருந்து 1809இன் தோல்விக்கு நான் இழுக்கும் கோடு என் ஊகம். ஒப்புக்கொள்ளாத வரலாற்றாசிரியர்கள் இருக்க முடியும்.

அடுத்தது, அறிக்கையில் 'நாம்' என்பவர் யார் என்ற கேள்வி. குண்டறை அறிக்கை கும்பினியின் நோக்கத்தைத் தெளிவாகவே கணித்தது: உப்பு முதற்கொண்டு எல்லாவற்றையும் தனியுரிமையாக்குவார்கள், நிலத்துக்கும் தென்னைக்கும் தாங்கமுடியாத வரி போடுவார்கள் என்றது. கூடவே, கோயில் ஒழுங்கும் சாதி ஒழுங்கும் கெட்டுப்போகும் என்றும் அச்சமூட்டியது. கல்குளத்திலும் விளவங்கோட்டிலும் தலைவரி கட்டிக்கொண்டு, கூலியில்லா ஊழியம் செய்துகொண்டு, மேலாடை அணியும் உரிமையும் மறுக்கப்பட்டிருந்த மக்களுக்கு அந்தச் சாதி ஒழுங்கைக் காப்பதில் என்ன அக்கறை இருந்திருக்க முடியும்? 1806 முதலே மயிலாடியில் ரிங்கல்தௌபே என்ற கிறித்தவப் போதகரின் மிஷன் பணி தொடங்கியிருந்தது. தோள்சீலைக்காக அந்த மக்கள் 1859 வரை போராட வேண்டியிருந்தது. அந்தப் போராட்டம் மன்னரையும் சாதி மேலாண்மையையும் நோக்கியது. 1801இல் மருது சகோதரர்கள் திருச்சியில் ஒட்டிய அறிக்கை, ஜம்புத் தீவில், அதாவது இந்திய நிலப்பரப்பில், வாழும் எல்லாச் சாதியாரையும் விளித்தது என்பதை இதனோடு வைத்துப் பார்க்க வேண்டும். அவர்களும் அதே ஆண்டு அக்டோபரில் தூக்கிலிடப்பட்டார்கள்; ஆக, விரிவான 'நாம்' மட்டும் வெற்றியைத் தந்துவிடவில்லை. அமெரிக்காவின் 'நாம்' என்பதும் முழுமையானது அன்று. அங்கிருந்த ஏறக்குறைய 25 லட்சம் பேரில் 5 லட்சம் பேர் அடிமைகள். 1775 நவம்பரில் வர்ஜீனியாவின் ஆங்கில ஆளுநர், கலகக்காரர்களின் அடிமைகள் தன்னிடம் வந்து ஆயுதம் ஏந்தினால் விடுதலை என்று அறிவித்தபோது பலர் ஓடிப்போய் ஆங்கிலேயர் பக்கம் சேர்ந்தார்கள். அவர்களுக்கு விடுதலையின் திசை எதிர்ப்பக்கமாக இருந்தது.

வெளிநாட்டு உதவியின் பங்கு எவ்வளவு என்பதில் அறிஞர்கள் ஒருமனப்படவில்லை. 1777 அக்டோபரில் சரட்டோகாவில் ஓர் ஆங்கிலப் படை முழுதாகச் சரணடைந்த பிறகே, 1778இல் பிரான்ஸ் வெளிப்படையாக உடன்பாடு செய்துகொண்டது. யார்க்டவுனில் காரன்வாலிஸுக்குக் கடல்வழி உதவி வராமல் மறித்தது பிரெஞ்சுக் கடற்படை. அந்தக் கப்பல்கள் வராவிட்டால் போர் வேறுவிதமாக முடிந்திருக்கலாம் என்பதை மறுக்க இயலாது. வேலுத்தம்பியும் மொரீஷியசிலிருந்த பிரெஞ்சுக்காரர்களை எதிர்பார்த்ததாகக் கும்பினித் தரப்புச் செய்திகள் சொல்கின்றன. ஒருவரும் வரவில்லை, மறு ஆண்டே மொரீஷியஸும் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. என் கணிப்பில், வெளி உதவி வருவதற்கும் முதலில் சில ஆண்டுகள் தாக்குப்பிடித்துக் காட்ட வேண்டும். அமெரிக்கர்களால் மூன்று ஆண்டு முடிந்தது, இங்கே முப்பது நாளில் முடிந்துவிட்டது.

போரை வென்றதோடு நாடு பிறந்துவிட்டதா என்றால், இல்லை; இதைத்தான் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. 1783இல் பாரிஸ் உடன்படிக்கையில் இங்கிலாந்து ஒப்புக்கொண்டது பதின்மூன்று அரசுகளின் விடுதலையை. அவற்றைக் கட்டிவைத்திருந்த கூட்டமைப்பு விதிகள் 1781இல்தான் நடைமுறைக்கு வந்திருந்தன. அவற்றின்படி மையப் பேரவைக்கு வரி போடும் அதிகாரம் கிடையாது. வரியை எதிர்த்துக் கிளம்பியவர்கள் புதிதாக ஒரு வரிகாரனை உண்டாக்க மனம் ஒப்பாததில் வியப்பில்லை. விளைவு, போர்வீரர்களுக்குச் சம்பளம் கொடுக்க முடியவில்லை. அச்சடித்த காகிதப் பணம் மதிப்பிழந்தது. இறக்குமதிக்கு நூற்றுக்கு ஐந்து தீர்வை போட எடுத்த முயற்சியை ரோட் ஐலண்டு என்ற சின்னஞ்சிறு அரசு ஒன்றே 1782இல் தடுத்துவிட்டது, ஏனென்றால் பதின்மூன்றும் ஒப்ப வேண்டும் என்பது விதி. 1786இல் மாசசூசெட்ஸ் உழவர்கள், அவர்களில் பலர் விடுதலைப் போரில் சண்டையிட்டவர்கள், கடனுக்காகத் தங்கள் நிலத்தைப் பறித்த நீதிமன்றங்களை மறித்துக் கிளர்ந்தார்கள். அந்த அச்சம் பிடரியைப் பிடித்து உந்த, 1787இல் 55 பேர் பிலடெல்பியாவில் நான்கு மாதம் கதவடைத்துப் பேசி ஓர் அரசியலமைப்பை எழுதினார்கள். 39 பேரே கையெழுத்திட்டார்கள். பதின்மூன்றில் ஒன்பது அரசுகள் ஏற்றால் போதும் என்று அவர்களாகவே விதியை மாற்றிக்கொண்டார்கள். பிரதிநிதிகளின் எண்ணிக்கைக்கான மக்கள்தொகையில் அடிமைகளை ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் சேர்த்து, அடிமை வாணிபத்தை 1808 வரை தொடமாட்டோம் என்று உறுதியளித்துத்தான் அமெரிக்கத் தென் அரசுகளின் சம்மதத்தைப் பெற்றார்கள். அந்தக் கறைக்கான விலையை அவர்கள் 1861 முதல் நான்காண்டு உள்நாட்டுப் போரில் கொடுத்தார்கள். வாஷிங்டன் பதவியேற்றது 1789 ஏப்ரல் 30. கலகம் வெடித்ததிலிருந்து கணக்கிட்டால் பதினான்கு ஆண்டு.

என் விளக்கத்துக்கு அடங்காத ஒரு நாட்டையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஹைட்டியில் அடிமைகளுக்குச் சட்டசபையோ ஊர்க்கூட்டமோ எதுவும் இருக்கவில்லை. 1791 ஆகஸ்டில் கிளர்ந்த அவர்கள் பிரான்சின் படைகளைத் தோற்கடித்து 1804 ஜனவரி 1 அன்று நாடு கண்டார்கள். அங்கே போருக்குள் உருவான படையே அரசாங்கத்தின் இடத்தை நிரப்பியது. பிரான்ஸ் 1825இல்தான், அதுவும் 15 கோடி பிராங்க் இழப்பீடு கேட்டு, அவர்களை அங்கீகரித்தது. அமெரிக்கா 1862 வரை அங்கீகரிக்கவே இல்லை. ஆகவே முன்பே பழகிய அமைப்புகள் இல்லாமல் நாடு பிறக்கவே முடியாது என்று நான் சொல்ல மாட்டேன். பிறந்த பிறகு அந்த நாடு தாங்கிய துன்பத்தில் உள்ளமைப்பின் குறை எவ்வளவு, வெளியிலிருந்து நெரித்த கடன் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும் துணிவும் எனக்கு இல்லை.

அமைப்புகள் இருந்தும் நாடாகாத கதைக்கு வெளியே தேட வேண்டியதில்லை. அது நம் பாட்டன் காலத்துச் செய்தி. 1946இல் திருவிதாங்கூரின் தலைமை அமைச்சரான திவான் சி. பி. ராமசாமி ஐயர் கொண்டுவந்த அரசியல் திட்டத்துக்கு அமெரிக்கன் மாடல் என்றே பெயர். வயதுவந்த எல்லாருக்கும் வாக்கு உண்டு, ஆனால் சட்டசபை திவானை அகற்ற முடியாது. அமெரிக்கன் மாடல் அரபிக்கடலில் என்ற முழக்கத்தோடு புன்னப்புராவிலும் வயலாரிலும் எழுந்த தொழிலாளர்கள் அந்த அக்டோபரில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1947 ஜூனில் திருவிதாங்கூர் தனி நாடாகும் என்று திவான் அறிவித்தார். அஞ்சல் துறை, நாணயம், படை, 1888 முதல் ஒரு சட்டசபை என்று 1774இன் மாசசூசெட்ஸைவிட அதிகமாகவே நம்மிடம் அரசின் உறுப்புகள் இருந்தன. மக்களின் இசைவு மட்டும் வேறு பக்கம் இருந்தது. ஜூலை 25 அன்று திவான் வெட்டப்பட்டார், உயிர்பிழைத்துக்கொண்டார். அம்மாத இறுதிக்குள் மன்னர் இந்தியாவோடு இணைய ஒப்புக்கொண்டார். அதற்கு முன்பே நாகர்கோவிலில் தோன்றியிருந்த திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், மார்ஷல் நேசமணியின் தலைமையில், தாய்மொழி மாநிலத்தோடு இணைய வேண்டும் என்று ஊர் ஊராகக் கிளை கட்டியது. 1954 ஆகஸ்ட் 11 அன்று நடந்த துப்பாக்கிச்சூட்டில் உயிர்களையும் கொடுத்தது. 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் ஒரு மாவட்டமாகி, அன்று சென்னை மாநிலம் எனப்பட்ட தமிழ்நாட்டோடு சேர்ந்தன. புதிய நாடு அன்று, ஒரு மாவட்டம்தான். ஆனால் தலைவர் ஒருவர் சிறைக்குப் போனால் அடுத்தவர் கூட்டத்தை நடத்தும் பழக்கம் இந்த முறை இங்கே இருந்தது.

கடைசியாக, வேலுத்தம்பியை விடுதலை வீரர் என்று சொல்லலாமா என்று கேட்டீர்கள். சொல்லலாம், நான் வகுப்பில் அப்படியே சொல்லிவந்தேன். அந்நியக் கப்பத்தையும் ரெசிடெண்டின் ஆதிக்கத்தையும் அவர் எதிர்த்தது உண்மை, மண்ணடிக் கோயிலில் உயிரோடு பிடிபட மறுத்து அவர் இறந்தது உண்மை, அவருடைய தம்பி பத்மநாபன் தம்பி தூக்கிலிடப்பட்டதும் உண்மை. அவர் காக்க நினைத்தது அவர் அறிந்திருந்த திருவிதாங்கூரை. மன்னரும் தளவாயும் கோயிலும் சாதியும் இருந்த இடத்திலேயே இருக்கும் திருவிதாங்கூரை. புதிய நாடு ஒன்றை உண்டாக்குவதாக அவர் ஓரிடத்திலும் சொல்லவில்லை. அதை உண்டாக்கத் தவறினார் என்ற குறையை நாம் அவர்மேல் ஏற்றத் தேவையில்லை.